தேக்குக்கு மேல பெயின்ட்: அடுப்படி அலமாரிக்கு நான் ரெண்டு தடவை அடிச்ச கதை

(ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்கியது. படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

வழக்கமா இங்கே சர்வர், டேட்டாபேஸ், வேலை மாறுறது, இதைப் பத்தித்தான் பேசுவோம். இன்னைக்கு ஒரு அடுப்படி. போன மாசம் ஒரு எபிசோடுல பேச்சுவாக்கில, "எங்க வீட்டு அடுப்படி அலமாரிக்கு ரெண்டு தடவை பெயின்ட் அடிச்சேன்"னு சொல்லிட்டு நகர்ந்துட்டேன். அதுக்கு வந்த மெயில்களைப் பார்த்தா, கொஞ்ச பேர் இல்லை, நிறைய பேர் வீட்டுல இதே மாதிரி இருபத்தஞ்சு முப்பது வருஷப் பழைய வார்னிஷ் அலமாரி இருக்கு. எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான்: ஏன் ரெண்டு தடவை?

ஏன்னா முதல் தடவை அடிச்சது மூணே வாரத்துல உரிஞ்சு வந்துடுச்சு. அதைத்தான் இன்னைக்குப் பேசப் போறேன்.

முதல்ல வீட்டைப் பத்திக் கொஞ்சம். எங்க வீடு திருச்சியில. 1994-ல அப்பா பி.எஃப். கடன் போட்டுக் கட்டினது. அந்தக் காலத்து அடுப்படி எப்படி இருக்கும்னு தெரியும் இல்லையா? சுவத்துக்குள்ள கடப்பாக்கல் தட்டு, அதுக்கு முன்னாடி மரச் சட்டம், சட்டத்துல கீல் வெச்சுக் கதவு. இப்போ வர்ற மாடுலர் கிச்சன் மாதிரி பெட்டி பெட்டியா இருக்காது. எங்க வீட்டுல மொத்தம் 14 கதவு. சுத்துச் சட்டம் தேக்கு, நடுப் பலகை மட்டும் தேக்கு வெனீர் ஒட்டின பிளைவுட். அந்தத் தேக்கும் புதுசு இல்லை. காரைக்குடிப் பக்கம் இடிச்ச பழைய வீட்டு மரம். அப்பாவே ஆசாரியைக் கூட்டிக்கிட்டுப் போய், தட்டிப் பார்த்து, மோந்து பார்த்து வாங்கினது. இந்தக் கதையை வீட்டுக்கு வர்ற எல்லார்கிட்டயும் சொல்லுவார்.

இப்போ பிரச்சினை. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி பக்கத்து மனையில மாடி வீடு வந்துச்சு. அடுப்படிக்கு இருந்த ஒரே ஜன்னல் மேற்குப் பார்த்தது; அது அடைஞ்ச மாதிரி ஆயிடுச்சு. வார்னிஷோ வயசானதுல கறுத்து, கிட்டத்தட்ட வெல்லப்பாகு நிறத்துக்கு வந்துடுச்சு. பகல்லயே லைட் போட்டாத்தான் அம்மாவுக்குக் கண்ணு தெரியும். "வெள்ளையா அடிச்சு விடுடா, கொஞ்சம் வெளிச்சமாவது வரும்"னு அம்மா கேட்டாங்க. அப்பா பேப்பரை மடக்கி வெச்சுட்டு, "பர்மா தேக்குக்கு எவனாவது பெயின்ட் அடிப்பானா?"ன்னார். அம்மா விடலை. "நீங்க தேக்கைப் பார்க்கிறீங்க. நின்னு சமைக்கிறது நான்"னாங்க.

ரெண்டு பேர் சொன்னதும் சரிதான். இதை நேர்மையா முதல்லயே சொல்லிடறேன்: தேக்குக்குப் பெயின்ட் அடிச்சா, நம்ம பாஷையில சொல்லணும்னா ரோல்பேக் கிடையாது. தேக்கு மேற்பரப்பைப் பார்த்தீங்கன்னா நீளநீளமா சின்னப் பள்ளங்கள் இருக்கும். அதுக்குள்ள போன வெள்ளைப் பெயின்ட்டை முழுசா எடுக்கவே முடியாது. எவ்வளவு தேய்ச்சாலும் வெள்ளைக் கோடு நிக்கும். அதனால கறுத்த வார்னிஷைச் சுரண்டி, புதுசா மெருகு போட்டாலே போதுமான்னு முதல்ல யோசிங்க. எங்க வீட்டுல வெளிச்சம்தான் பிரச்சினைங்கறதால அது போதாது. கடைசியில ஒரு ஒப்பந்தம் ஆச்சு. அடுப்படிக்குள்ளேயே சாமி மாடத்துக்கு ரெண்டு கதவு இருக்கு. அதைத் தொடக்கூடாது. மீதி 12 கதவு என் பொறுப்பு.

முதல் தடவை

அக்காவுக்குப் பிரசவம், அம்மா ஒரு மாசம் கோயம்புத்தூர் போயிருந்தாங்க. திரும்பி வர்றதுக்குள்ள முடிச்சு வெச்சு அசத்தலாம்னு திட்டம். நான் என்ன செஞ்சேன்னு வரிசையாச் சொல்றேன், தப்பு எங்கேன்னு நீங்களே கண்டுபிடிங்க. ஈரத்துணியில பாத்திரம் விளக்குற சோப்பைத் தொட்டு எல்லாக் கதவையும் துடைச்சேன். காய்ஞ்சதும் 120 நம்பர் உப்புத்தாள் போட்டு நல்லா தேய்ச்சேன். தண்ணியில கலக்குற பிரைமர் ஒரு கோட்டு. தண்ணியில கலக்குற எனாமல் ரெண்டு கோட்டு. அஞ்சே நாள். போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். அழகா இருந்தது, சும்மா சொல்லக்கூடாது.

அம்மா வந்தாங்க, பார்த்தாங்க, சந்தோஷப்பட்டாங்க. மூணு வாரம் கழிச்சு, அடுப்புக்கு மேல இருக்கிற கதவுல தாளிச்ச கடுகு தெறிச்சிருக்குன்னு ஈரத்துணியால துடைச்சிருக்காங்க. துணியோட ஒரு பட்டை பெயின்ட் கையோட வந்துடுச்சு. வெங்காயத் தோல் உரியற மாதிரி, முழுசா, பின்பக்கம் பளபளன்னு. அம்மா அதை ஒரு தட்டுல போட்டு மூடி வெச்சிருந்தாங்க, நான் வந்ததும் காட்ட. அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்னு.

அதோட இன்னொண்ணு. வேற ரெண்டு கதவுல, உப்புத்தாளால மரமே தெரியற அளவுக்கு நான் தேய்ச்ச மூலைகள்ல, டீக்கறை மாதிரி மஞ்சள் பழுப்புத் திட்டு எழும்பியிருந்தது. மேல இன்னொரு கோட்டு அடிச்சேன். ரெண்டு நாள்ல அதுவும் மஞ்சளாச்சு.

இந்த ரெண்டு தோல்விக்கும் காரணம் வேற வேற. ஒண்ணு எண்ணெய், இன்னொண்ணு மரம். ரெண்டையும் தனித்தனியாப் புரிஞ்சுக்கிட்டா மீதி எல்லாம் சுலபம்.

எண்ணெய்ப் பிசுக்கு உண்மையில என்ன?

உரிஞ்ச பட்டையோட பின்பக்கம் பளபளன்னு இருந்ததுன்னு சொன்னேன் இல்லையா, அதுதான் துப்பு. பெயின்ட் மரத்துலயும் ஒட்டலை, வார்னிஷ்லயும் ஒட்டலை. நடுவுல இருந்த ஒரு படலத்துல ஒட்டி, அந்தப் படலத்தோட வந்துடுச்சு.

தாளிக்கும்போதும் பொரிக்கும்போதும் எண்ணெய் நுண்துளியாப் பறக்குது. சிம்னி இல்லாத அடுப்படியில அது போய்ப் படியற இடம் அடுப்புக்கு மேல இருக்கிற கதவும், கைப்பிடியைச் சுத்தியும்தான். படிஞ்ச எண்ணெய் அப்படியே எண்ணெயா இருந்துட்டா சோப்புல போயிடும். ஆனா இருக்காது. காத்துல இருக்கிற ஆக்சிஜனோட வினை புரிஞ்சு, மூலக்கூறுகள் ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிட்டு, முதல்ல பிசுபிசுன்னு, அப்புறம் கெட்டியா, கடைசியில ஒரு தோல் மாதிரி ஆயிடும். இதுல வேடிக்கை என்னன்னா, ஆளி விதை எண்ணெயில செஞ்ச பழைய வார்னிஷ் காயறதும் இதே வினைதான். அதாவது, அம்மா முப்பது வருஷமா சமையல் செஞ்சதுல, தெரியாமலேயே அந்தக் கதவுக்கு ரெண்டாவதா ஒரு மட்டமான வார்னிஷ் அடிச்சிருக்காங்க.

எல்லா எண்ணெயும் ஒரே மாதிரி இறுகாது. ஆளி விதை எண்ணெய் நல்லா இறுகும். சூரியகாந்தி பாதி இறுகிப் பிசினா நிக்கும். நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் அதைவிட மெதுவு. தேங்காய் எண்ணெய் இறுகவே இறுகாது, எண்ணெயாவே இருக்கும். நம்ம வீட்டுல இதுல எல்லாமே கலந்துதான் படிஞ்சிருக்கும். கெட்டியான தோல், அதுக்குள்ள ஈரமான எண்ணெய், மேல மஞ்சள் தூளும் தூசியும்.

இதைச் சோப்புத்துணியால துடைச்சா மேல இருக்கிற தூசிதான் போகும். நான் செஞ்ச பெரிய தப்பு அதுக்கு அடுத்தது: பிசுக்கு இருக்கும்போதே உப்புத்தாள் போட்டேன். உப்புத்தாள் பிசுக்கை எடுக்காது. வார்னிஷ்ல கீறல் போட்டு, அந்தக் கீறலுக்குள்ள எண்ணெயைத் தேய்ச்சு இறக்கும். தாள் சீக்கிரமே அடைச்சுக்கிட்டு, வழவழன்னு ஆனது எனக்கு அப்போவே தெரிஞ்சிருக்கணும். "கடையில மட்டமான தாளைக் கொடுத்துட்டான்"னு திட்டிட்டு வேற தாள் வாங்கினேன்.

ஆக, கழுவறது முதல்ல, தேய்க்கிறது அப்புறம். இந்த வரிசையை மாத்தவே கூடாது.

கழுவுறதுக்கு எனக்கு உதவினது சலவை சோடா. மளிகைக் கடையிலயே கிடைக்கும். காரம் எண்ணெயைச் சோப்பா மாத்திடும், அதனாலதான் வேலை செய்யுது. ஒரு லிட்டர் வெந்நீருக்கு ரெண்டு மேசைக்கரண்டி. கையுறை கட்டாயம். ஸ்பாஞ்சை நனைச்சுப் பிழிஞ்சு தடவி, அஞ்சு நிமிஷம் விட்டு, பாத்திரம் தேய்க்கிற பச்சை நாரால தேய்ச்சேன். வந்த தண்ணி காப்பி டிகாஷன் நிறத்துல இருந்தது. அடுப்புக்கு மேல இருக்கிற ரெண்டு கதவுக்கு மூணு தடவை செய்ய வேண்டியிருந்தது. அப்புறம் நல்ல தண்ணியில ரெண்டு தடவை துடைக்கணும். காரம் மிச்சம் இருந்தா அதுவே பெயின்ட்டுக்கு எதிரி. தண்ணியை ஊத்திக் கழுவாதீங்க, பிளைவுட் ஓரம் ஊறி உப்பிடும்.

தண்ணி காய்ஞ்ச பிறகு, வெள்ளைத் துணியில டர்பன்டைன் தொட்டு ஒரு துடை. பழைய வெள்ளை வேட்டித் துண்டு நல்லது. துணியில மஞ்சள் ஏறினா இன்னும் பிசுக்கு இருக்குன்னு அர்த்தம். துணி வெள்ளையாவே இருக்கிற வரைக்கும் துடைக்கணும். இதுதான் என்னோட டெஸ்ட் கேஸ். 12 கதவும் பாஸ் ஆக ஒன்றரை நாள் ஆச்சு.

எந்த வார்னிஷ்னு தெரிஞ்சுக்காம கைவைக்காதீங்க

சோடாத் தண்ணி எல்லா மெருகுக்கும் ஒத்துக்காது. பழைய வீடுகள்ல மூணு விதமா இருக்கலாம். அரக்கை ஸ்பிரிட்ல கரைச்சுத் துணியால ஏத்தின பாலிஷ், என்.சி. லாக்கர், இல்லைன்னா எண்ணெய் வார்னிஷ். கதவோட உள்பக்கம், கீலுக்குப் பக்கத்துல, யார் கண்ணுக்கும் படாத இடத்துல ஒரு சொட்டு ஸ்பிரிட் விடுங்க. ஒரு நிமிஷத்துல பிசுபிசுன்னு ஆனா அது அரக்கு. அரக்கு காரத்துலயும் கரையும். சோடா போட்டா கூழாயிடும். அதுக்கு டர்பன்டைன் மட்டும் போட்டுத் துடைக்கணும். ஸ்பிரிட்டுக்கு அசையலைன்னா லாக்கர் தின்னர் ஒரு சொட்டு. இளகிக் கரைஞ்சா லாக்கர். ரெண்டுக்கும் பெரிசா அசையலைன்னா எண்ணெய் வார்னிஷோ, பிற்காலத்துல வந்த பாலியூரித்தேனோ.

எங்களுடையது எண்ணெய் வார்னிஷ். அதை உறுதி செஞ்சது, அந்த அலமாரியைச் செஞ்ச ஆசாரியே. இப்போ வயசாயிடுச்சு, வேலைக்குப் போறதில்லை. அப்பா போன் போட்டுக் கொடுத்தார். "கோபல் வார்னிஷ் தம்பி. மூணு கை அடிச்சேன்"னார், நேத்து அடிச்ச மாதிரி. பெயின்ட் அடிக்கப் போறேன்னதும் கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "கறை ஏறுமே... முதல்ல அரக்கு ஒரு கை பூசிடு"ன்னார். என்னோட ரெண்டாவது பிரச்சினைக்கு விடை அங்கேதான் கிடைச்சது.

தேக்குக்குள்ள இயற்கையாவே எண்ணெயும் நிறமிகளும் இருக்கு. தேக்குக் கொழுந்து இலையைக் கையில கசக்கினா சிவப்பா ஒட்டுமே, அந்த மாதிரி. வார்னிஷ் படலம் முழுசா இருக்கிற வரைக்கும் அதெல்லாம் உள்ளேயே அடங்கிக் கிடக்கும். நான் மூலைகள்ல மரம் தெரியத் தேய்ச்சுட்டேன். அதுக்கு மேல தண்ணி பிரைமர். தண்ணி மரத்துக்குள்ள போய், நிறத்தைக் கரைச்சு எடுத்துக்கிட்டு, காயும்போது மேல கொண்டுவந்து விட்டுடுச்சு. எத்தனை கோட்டு தண்ணி பெயின்ட் அடிச்சாலும் அதே கதைதான் நடக்கும். அரக்கு ஸ்பிரிட்ல கரையறது, தண்ணி தொடாதது. அதனால கறைக்குக் குறுக்கே ஒரு சுவர் மாதிரி நிக்கும்.

ஹார்டுவேர் கடையில அரக்கு சில்லா, எடைக்குக் கிடைக்கும். சாதாரண அரக்குல இயற்கையான மெழுகு கலந்திருக்கும். மெழுகு மேல சில பெயின்ட் சரியா ஒட்டாது. அதனால ஸ்பிரிட்ல கரைச்சு, ஒரு கண்ணாடி பாட்டில்ல அசைக்காம வெச்சுட்டா, ரெண்டு மூணு நாள்ல மெழுகு அடியில கலங்கலாத் தங்கும். மேல இருக்கிற தெளிவை மட்டும் மெதுவா இறுத்துக்கணும், ரசத்தெளிவு எடுக்கிற மாதிரி. இவ்வளவு பொறுமை இல்லைன்னா டர்பன்டைன்ல கலக்குற எண்ணெய் பிரைமர் அடிச்சாலும் பெரும்பாலும் கறை நிக்கும். நான் மரம் தெரிஞ்ச இடத்துக்கெல்லாம் அரக்கு, அதுக்கு மேல மொத்தத்துக்கும் எண்ணெய் பிரைமர்னு ரெண்டையும் போட்டேன். ஒரு தடவை சூடுபட்டவன் இல்லையா.

எதை உரிக்கணும், எதை விடலாம்

ஏற்கெனவே அடிச்ச பெயின்ட் 12 கதவுலயும் இருக்கு. எல்லாத்தையும் சுரண்டணுமா? இதுக்கு ஒரு உலகத் தரச் சோதனையே இருக்கு, ஏ.எஸ்.டி.எம். டி 3359-ன்னு பேர். பேர்தான் பெரிசு, பிளேடும் டேப்பும் இருந்தா வீட்டுலயே ஏறக்குறைய செஞ்சு பார்க்கலாம். 2 மி.மீ. இடைவெளியில ஆறு கோடு, அதுக்குக் குறுக்கே ஆறு கோடு கீறினா 25 சின்னக் கட்டம் கிடைக்கும். மேல டேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்குன்னு இழுக்கணும். ஒரு கட்டமும் வரலைன்னா 5பி, முதல் மார்க். 65 சதவீதத்துக்கு மேல வந்துட்டா 0பி.

அடுப்புக்கும் தொட்டிக்கும் பக்கத்துல இருந்த ஏழு கதவும் 0பி. டேப்போட வெள்ளைத்தாள் மாதிரி வந்தது. தூரத்துல, மேல்தட்டுல, வருஷத்துக்கு ரெண்டு தடவை திறக்கிற பித்தளைப் பாத்திரக் கதவுகள் அஞ்சும் அசையவே இல்லை. அதே பெயின்ட், அதே கை, அதே உப்புத்தாள். வித்தியாசம் பிசுக்கு மட்டும்தான். உரிஞ்ச ஏழையும் சுரண்டினேன், ஒட்டின அஞ்சையும் லேசா தேய்ச்சு விட்டுட்டேன்.

வார்னிஷையும் இதே மாதிரிதான் பார்க்கணும். "மரம் வரைக்கும் எடுக்கணுமா?"ன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. வேண்டாம். டேப்புக்கு அசையாத வார்னிஷ் நல்ல அஸ்திவாரம். அதோட பளபளப்பை மட்டும் போக்கி, மங்கலாக்கினா போதும். 150-ல ஆரம்பிச்சு 220-ல முடிச்சேன், மர ரேகை போற திசையிலேயே. செதில் செதிலா கிளம்பற இடத்துல மட்டும் ஆழமாப் போகணும். வெனீர் பலகைன்னா ரொம்ப ஜாக்கிரதை. அந்தத் தேக்குத் தோல் ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது. மெஷின் வெச்சு ஒரே இடத்துல நின்னீங்கன்னா கீழே பிளைவுட் பல்லைக் காட்டும்.

மாஸ்க் போடுங்க, துணி மாஸ்க் இல்லை, என்95. மரத்தூளைப் புற்றுநோய் வரவழைக்கிற பொருள்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கு. தேக்குத் தூள் சிலருக்குத் தோல்ல அரிப்பும் கொடுக்கும். வார்னிஷுக்கு அடியில பழைய கலர் பெயின்ட் இருந்தா இன்னும் கவனம். வீட்டுப் பெயின்ட்ல ஈயம் 90 பி.பி.எம்.-க்கு மேல இருக்கக்கூடாதுங்கற விதி நம்ம நாட்டுல நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பர்லதான். அதுக்கு முந்தினதை உலர்வாத் தேய்க்காம, தண்ணி தொட்டு வாட்டர் பேப்பர்ல தேய்ங்க. சின்னக் குழந்தையைப் பக்கத்துல விடாதீங்க.

சில்லறை வேலைகள்

கதவைக் கழட்டித்தான் அடிக்கணும். மாட்டின மேனிக்கே அடிச்சா கீல்லயும் பெயின்ட் ஏறும், ஓரமும் ஒட்டிக்கும். எந்தக் கதவு எங்கேன்னு கீல் உட்கார்ற பள்ளத்துல நம்பர் எழுதி, மேல ஒரு துண்டு டேப் ஒட்டிடுங்க. அந்த இடத்துக்குப் பெயின்ட் தேவையே இல்லை. கையால செஞ்ச கதவுங்க, ஒண்ணு இன்னொண்ணு இடத்துல உட்காராது. முதல் தடவை பென்சில்ல முதுகுல எழுதி, அது மேலயே அடிச்சுட்டு, அரை நாள் ஜிக்சா விளையாடினேன். ஸ்க்ரூ ஓட்டை தளர்ந்திருந்தா பல்குச்சியில ஃபெவிகால் தொட்டு அடைச்சு, காய்ஞ்சதும் வெட்டிவிட்டா போதும்.

பள்ளத்தை அடைக்க மரப்பட்டி வாங்குங்க. வீட்டுல மிச்சம் இருக்கிற சுவர்ப்பட்டி வேண்டாம். அது சிமென்ட், மரம் சுருங்கி விரியும்போது வெடிச்சு உதிர்ந்துடும்.

சட்டத்தைக் கழட்ட முடியாது, அடுப்படியிலேயே வெச்சுத்தான் அடிக்கணும். அப்போ சிலிண்டர் வால்வை மூடிடுங்க. டர்பன்டைன், தின்னர், ஸ்பிரிட் எதோட ஆவியும் தீப்பிடிக்கும். நாங்க இண்டக்‌ஷன் அடுப்பைக் கூடத்துக்கு மாத்தி ஒன்பது நாள் ஓட்டினோம். இன்னொரு விஷயம், இது பல பேருக்குத் தெரியாது: ஆளி விதை எண்ணெய், எண்ணெய் வார்னிஷ் மாதிரி சமாச்சாரம் துடைச்ச துணியைச் சுருட்டி மூலையில போட்டுடாதீங்க. முன்னாடி சொன்ன அதே ஆக்சிஜன் வினை வெப்பத்தை வெளியிடும். சுருட்டின துணிக்குள்ள அந்தச் சூடு வெளியேற வழியில்லாம, தானாவே தீப்பிடிக்கலாம். வெளியில விரிச்சுக் காயப் போடுங்க.

மேல்கோட்டுக்கு எந்தப் பெயின்ட்? எங்க அப்பா தலைமுறைக்கு எண்ணெய் எனாமல்தான் பெயின்ட். உறுதியானதுதான், ஆனா வெள்ளை நிறம்னா ஒரு சிக்கல் இருக்கு. வெளிச்சம் படாத இடத்துல அது மஞ்சளாகும். கதவோட உள்பக்கம் எப்பவும் இருட்டுதானே. அதனால பிரைமர் எண்ணெய்ல, மேல்கோட்டு தண்ணி எனாமல்ல, அதுவும் பளபளப்பு இல்லாத சாட்டின். எண்ணெய் பிரைமர் ரெண்டு நாள் காய்ஞ்சதும் 220-ல ஒரு லேசான தேய்ப்பு, அப்புறம் மேல தண்ணி எனாமல் தாராளமா ஒட்டும். இதுக்கு நேர் எதிரா மாத்திப் போடாதீங்க.

மொட்டைமாடித் தகரக் கொட்டகையில, நாலு எவர்சில்வர் டம்ளரைக் கவுத்து, அது மேல கதவைப் படுக்க வெச்சு அடிச்சேன். படுத்திருந்தா வழியாது. முதல்ல முதுகு, அப்புறம் முகம். ஃபோம் ரோலர்ல மெல்லிசா ரெண்டு கோட்டு, நடுவுல 320-ல ஒரு தடவல். திருச்சி வெயில்ல பத்து மணிக்கு மேல அடிச்சா பெயின்ட் பரவறதுக்குள்ளேயே காய்ஞ்சு பிரஷ் கோடு விழும். காலையில ஆறு மணிக்கு ஆரம்பிச்சு ஒன்பதுக்கு முடிச்சுடுவேன். ஒரு கதவுல ஒரு எறும்பு அப்படியே உறைஞ்சு போச்சு. அதை எடுக்கலை.

கடைசி சோதனை பொறுமைக்கு. தொட்டா ஒட்டாதுங்கறதும், உள்ளவரைக்கும் இறுகியாச்சுங்கறதும் வேற வேற. தொடுற அளவுக்குச் சில மணி நேரத்துல காய்ஞ்சுடும், முழுசா இறுக வாரக்கணக்குல ஆகும். அம்மாகிட்ட ஒரு மாசத்துக்குத் துணியே படக்கூடாதுன்னு சொல்லிட்டேன். கதவு மூடும்போது சட்டத்தோட ஒட்டிக்காம இருக்க, மூலையில சின்ன ரப்பர் பொட்டு ஒட்டினேன்.

மாசம் முடிஞ்ச அன்னைக்கு அம்மா ஈரத்துணியோட வந்து, அடுப்புக்கு மேல அதே கதவை, அதே இடத்துல, நல்லா அழுத்தித் துடைச்சாங்க. துணியைத் திருப்பி என்கிட்ட காட்டினாங்க. மஞ்சள் தூள் மட்டும் இருந்தது.

இப்போ 14 மாசம் ஆகுது. தொட்டிக்குக் கீழே இருக்கிற கதவோட அடி ஓரத்துல மட்டும் ஒரு இடம் பெயர்ந்திருக்கு. அந்த ஓரத்துக்கு அரக்கும் பூசலை, பிரைமரும் சரியா அடிக்கலை, குனிஞ்சு பார்க்கச் சோம்பேறித்தனம். தண்ணி அது வழியா ஏறிடுச்சு. மிச்சப் பெயின்ட்டை ஹார்லிக்ஸ் பாட்டில்ல ஊத்தி வெச்சிருக்கேன், அடுத்த லீவுல சரி பண்ணணும். அப்பா இன்னும் வர்றவங்ககிட்ட காரைக்குடிக் கதையைச் சொல்றார். சொல்லிட்டு, சாமி மாடத்துக் கதவைத் திறந்து காட்டுறார்.

அடுத்த எபிசோடு வழக்கம்போல டேட்டாபேஸ்தான். பார்ப்போம்.